எந்த சிம் நல்லது? வன்னியின் ஒரு பழைய கேள்வி

"வீட்டுக்கு எந்த சிம் எடுத்தா லாபம்?" வன்னியிலிருந்து வந்து கலைப்பீடத்தில் படிக்கிற எங்களிட்ட ஊரில அடிக்கடி கேக்கிற கேள்வி இது. டேட்டா எவ்வளவு, மாதக் கட்டணம் எவ்வளவு, ஒரே பில்லில் எத்தனை இலக்கம் சேர்க்கலாம் என்று ஒரு அட்டவணை போட்டால் முடிகிற விசயம் போலத்தான் தெரியும். ஆனால் எங்கட வீடுகளில் இருக்கிற இலக்கங்கள் பெரும்பாலும் விலை பார்த்து எடுத்தவை இல்லை. அவை எங்கட கைக்கு வந்ததுக்கு வேற ஒரு சரித்திரம் இருக்கு.

இலக்கத்தின் முன்பகுதியிலேயே பாதிக் கதை கிடக்கு. 072 செல்ரெல்லுடையது. 1989 இல், தென்னாசியாவிலேயே முதலாவதாகக் கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கிய நிறுவனம் அது. 2007 இல் டிகோ ஆனது, 2010 இல் எட்டிசலாட் ஆனது, 2018 இல் ஹட்ச்சோடு கலந்தது. 071 என்றால் 1993 இல் வந்த மொபிட்டல், 077 என்றால் 1995 இல் வந்த டயலொக். 078 ஹட்ச், 075 எயார்டெல். பழைய 072 இலக்கத்தை மாத்தாமல் வைத்திருக்கிற ஒருவர், இருந்த இடத்தில் இருந்தே நாலு கம்பனிகளின் வாடிக்கையாளர் ஆகியிருக்கிறார்!

இந்தக் கம்பனிகள் ஒவ்வொன்றாக வந்த காலத்தில் வன்னியில் போன் என்பதே ஒரு பயணம். 1990 இல் போர் திரும்பத் தொடங்கிய பிறகு, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையோட கதைக்க வேண்டுமென்றால் பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போய், 'கொமினிகேசன்' கடையில் காத்திருந்த கதைகளை மூத்தவை இன்றைக்கும் சொல்லுவினம். நாளையும் நேரத்தையும் முதலே கடிதத்தில் எழுதி ஒழுங்கு பண்ண வேணும். 2002 பெப்ரவரி உடன்படிக்கைக்குப் பிறகு ஏ9 திறந்தது, யாழ்ப்பாணத்துக்குக் கைத்தொலைபேசி வந்தது. நடுவில் கிடந்த வன்னியில் சாதாரண குடும்பங்களின் கைக்கு அது வரவில்லை. 2006 ஓகஸ்டில் முகமாலையில் பாதை திரும்பவும் பூட்டுப்பட்டது.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது 2009 ஜனவரி. 2 ஆம் திகதி கிளிநொச்சி இராணுவத்திடம் போனது. அதே மாதம் ஐந்தாவது நிறுவனமாக எயார்டெல் இலங்கையில் சேவையைத் தொடங்கியது. ஐந்து பேர் ஒரே சந்தையில் அடிபட, அழைப்புக் கட்டணம் சரசரவென்று விழுந்தது. இலங்கையில் கதைக்கிறது மிக மலிவாகிக்கொண்டிருந்த அந்த மாதங்களில், வன்னிச் சனம் முதலில் இடம்பெயர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. மே மாதத்துக்குப் பிறகு ஏறத்தாழ 280,000 பேர் வவுனியா முகாம்களுக்குள் இருந்தார்கள். யார் உயிரோட இருக்கினம், யார் எந்த வலயத்தில என்று தேடின காலம் அது. ஒரு அழைப்பின் பெறுமதி உச்சத்தில் இருந்தவர்களுக்கு அந்த மலிவால் பயன் இல்லை. சனம் ஊர் திரும்பத் தொடங்கியிருந்த 2010 இல், போட்டியால் நிறுவனங்கள் நட்டப்படுகின்றன என்று சொல்லித் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு குறைந்தபட்சக் கட்டணம் ஒன்றை விதித்தது. விலைப்போர் முடிந்த கையோடுதான் நாங்கள் சந்தைக்குள் நுழைந்தோம்.

அப்போது ஒரே கம்பனிக்குள் கதைத்தால் குறைவு, வேற கம்பனிக்கு எடுத்தால் கூட. அதனால் ஒரு வீடு முழுக்க ஒரே சிம், பிறகு சொந்தக்காரரும் அதே சிம். எது அந்த சிம் என்பதைத் தீர்மானித்தது தகரக் கொட்டிலுக்குப் பக்கத்தில் முதலில் எழும்பின டவர். மாங்குளம் சந்தியில் நாலு பார் காட்டுகிற சிம், உள்ளுக்க ஒட்டுசுட்டான் பக்கம் போனால் செத்துப்போகும். ஆசிரியரோ கிராம சேவையாளரோ இருந்த வீடுகளில் அரச ஊழியருக்கான மொபிட்டலின் 'உபகார' வந்தது. இரண்டு சிம் போடுகிற போன் மலிவாக வந்த பிறகுதான் எங்கட ஆக்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது: ஒன்று கவறேஜுக்கு, மற்றது காசுக்கு.

இன்னொரு பக்கமும் இருக்கு. வன்னிக் குடும்பத்தில் பாதி கடலுக்கு அங்காலதானே! அந்தப் பாதியின் அழைப்புச் செலவில் பெரிய வியாபாரம் கட்டினவர்களும் எங்கட ஆக்கள்தான். 2001 இல் பிரித்தானியாவில் லெபாராவைத் தொடங்கிய மூவர் இலங்கைத் தமிழர். லியோன், பாஸ்கரன், ரதீசன் என்ற அவர்களின் பெயர்களின் முதலெழுத்துகள்தான் லெ-பா-ரா. 2006 இல் லைக்காமொபைலைத் தொடங்கிய சுபாஸ்கரன் அல்லிராஜா முல்லைத்தீவில் பிறந்தவர். எந்தக் கம்பனியும் 'குடும்பத் திட்டம்' என்று பெயர் வைக்காவிட்டாலும், வன்னியின் உண்மையான குடும்பத் திட்டம் கன காலமாக லண்டனிலோ பாரிசிலோ ஒரு மாமா வாங்கின அட்டைதான். பிறகு வைபரும் ஐமோவும் வந்து அந்தச் செலவை டேட்டாவாக மாத்தி எங்கட தலையில் போட்டன.

2022 செப்டம்பர் 1 இல் வற் வரி 15 வீதமானது. 5 ஆம் திகதி கைபேசிக் கட்டணம் 20 வீதம் கூடியது. 2024 இல் வற் 18 வீதம். அதே ஆண்டில் டயலொக் எயார்டெல்லை வாங்க, ஐந்தாக இருந்த நிறுவனங்கள் மூன்றாகின. இப்ப ஒப்பிடுங்கோ என்றால் டயலொக், எஸ்.எல்.டி.-மொபிட்டல், ஹட்ச் மூன்றைத்தான் ஒப்பிடலாம்.

விளம்பரத்தில் வருகிற குடும்பம் ஒரு சோபாவில் இருக்கும். அப்பாவின் பெயரில் ஒரு மாத பில், நாலு பேரும் ஒரே டேட்டாவைப் பகிருவினம். விசுவமடுவில் அம்மா, யாழ்ப்பாணத்தில் போர்டிங்கில் பிள்ளை, கட்டாரில் அண்ணா, பட்டன் போனோட அம்மம்மா என்று இருக்கிற குடும்பத்துக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. நாட்கூலியில் ஓடுகிற வீட்டில் மாதப் பில்லை விட நூறு ரூபா ரீலோட்தான் கட்டுப்பாட்டுக்குள் நிக்கும், கணக்கில் அது விலை கூடினதாகவே இருந்தாலும். அதால எங்கட பதில் இதுதான்: கூட்டுத் திட்டம் எடுக்க முதல், பக்கத்து வீட்டுக்காரரின் மூன்று சிம்மையும் வாங்கி உங்கட குசினிக்குள்ளயும் வளவுக்குள்ளயும் போட்டுப் பாருங்கோ. எடுபடுகிற சிம்மில் பெரிய டேட்டாப் பொதியை ஒரு போனுக்கு மட்டும் போட்டு, மற்ற ஆக்களுக்கு ஹொட்ஸ்பொட் குடுங்கோ. அம்மம்மாவின்ர இலக்கத்தில் கை வைக்க வேண்டாம். வெளிநாட்டில் இருக்கிற எல்லாரிட்டயும் இருக்கிறது அந்த இலக்கம்தான்.