சினையும் காரணியும்

ஓர் எண் உண்டாவதற்குக் காரணமாவது காரணி என்று வகுப்பறைகளில் சொல்லப்படும் விளக்கம் எளிதேயாயினும், பொருளின் இயல்புக்குப் பொருந்தாது. 2, 3, 4, 6 ஆகியவற்றுள் எதுவும் 12ஐத் தோற்றுவிப்பதில்லை. ஒவ்வொன்றும் அதனை மீதியின்றி வகுக்கிறது, அவ்வளவே. ‘செய்தல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியிற் பிறந்த ‘ஃபாக்டர்’ என்பதன் நிழலே காரணி. யூக்ளிட் தம் நூலின் ஏழாம் பகுதியில் இரண்டு எண்களுக்குரிய மிகப் பெரிய பொது அளவையைக் காணும் வழியைக் கூறினார்; அங்கே அளப்பது உண்டே தவிர ஆக்குவது இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வழங்கும் மீப்பெரு பொது வகுத்தி (மீ.பொ.வ.) அவ்வகையில் நேர்மையான சொல்.

அதனினும் சிறந்தது, இலங்கைத் தமிழ்க் கணித நூல்களில் வழங்கிய சினை. சினையென்பது முதலின் உறுப்பு. மரத்தின் கிளையும் சினையே. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியல், முதலும் சினையும் தம்முள் நிலைத்த வேறுபாடுடையன அல்ல, சொல்லுவோன் குறிப்பால் அமைவன என்கிறது: கை உடலுக்குச் சினை, விரலுக்கு முதல். காரணியை விளக்க இதனினும் நுட்பமான இலக்கணம் வேண்டியதில்லை. 12க்குச் சினையாகும் 6, தன் சினைகளான 2, 3 ஆகியவற்றுக்கு முதலாகிறது. பாடநூல்களே காரணிச் செடி வரைந்து எண்ணைக் கிளைகளாகப் பிரிக்கும்போது, அக்கிளைக்குத் தமிழில் உள்ள பெயரை விட்டுவிடுவது விந்தை.

இயற்கணிதக் கோவைக்கும் இது பொருந்தும். 12ப²ம + 18பம² என்பதில் கூட்டலால் இணைந்த இரண்டு உறுப்புகள் உள்ளன. அவற்றின் கெழுக்கள் 12, 18. கெழுமுதலாவது பொருந்துதலாதலின், மாறியோடு பொருந்தி நிற்கும் எண்ணுக்குக் கெழு என்ற பெயர் மிகவும் தக்கது. கெழுக்களின் மிகப் பெரிய பொதுச் சினை 6. இரண்டு உறுப்புகளிலும் குறைந்த அடுக்கில் உள்ளவை ப, ம. ஆகவே 6பம என்பதை அடைப்புக்குறிக்கு வெளியே கொணர்ந்தால் 6பம(2ப + 3ம) எனக் கோவை அமையும். உள்ளே எஞ்சிய இரண்டுக்கும் 1 அன்றிப் பொதுச் சினை இல்லை. கொணர்ந்த 6பம கோவைக்குச் சினை. 6, ப, ம என்பவற்றுக்கோ முதல்.

சினை என்றால் கால்நடையின் கருவே நினைவுக்கு வரும் என்று மறுப்போர் உளர். சினைப்பெயரைப் பள்ளி இலக்கணத்தில் கற்கும் மாணவர்க்கு இம்மறுப்புப் பொருந்தாது. உறுப்பு என்பதே போதும் என்பாரும் உளர். அது கூட்டற்பகுதிக்கு ஏற்கெனவே உரியதாகிவிட்டது. பெருக்கத்தால் கிளைக்கும் பகுதிக்குச் சினையே தமிழ்ச்சொல்.