நிபுணரின் கையில் ஒரு தாள்

ஹம் நகரத்தில் இருந்து பேசுகிறேன். நமக்கு ஹம் என்றால் காமாட்சி அம்பாள் கோயில், 2002இல் கும்பாபிஷேகம் கண்ட கோபுரம், வீதி நிறைந்த தேர். ஜேர்மன்காரருக்கு ஹம் ஒரு ரயில் சந்தி. பெர்லினில் இருந்து வரும் விரைவு ரயில் இங்கேதான் இரண்டாகக் கழற்றப்படுகிறது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்காரர்கள் இந்த ஊரைத் திரும்பத் திரும்பத் தேடி வந்ததும் இங்கிருந்த சரக்கு ரயில் முற்றத்துக்காகத்தான். 1944 ஏப்ரல் 22 மாலை அமெரிக்க விமானங்கள் வந்தன. போர் முடிந்தபோது நகரின் பாதிக்கு மேல் இல்லை.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது தொலைக்காட்சியில். வந்த புதிதில் எனக்கு ஜேர்மன் மொழி சொல்லித் தந்தவை போர் விவரணப்படங்கள். மற்ற நிகழ்ச்சிகளில் படபடவென்று பேசுவார்கள். இதில் ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பேசுவார்கள். இசட்.டி.எஃப். தொலைக்காட்சியின் சமகால வரலாற்றுப் பிரிவை 1984 முதல் நடத்திய கீடோ நோப்பின் படங்கள்தான் அதிகம். அவற்றில் பலவற்றுக்குக் குரல் தந்த கிறிஸ்டியான் ப்ரூக்னர்தான் ரொபர்ட் டி நீரோவின் ஜேர்மன் குரல். நான் முதலில் ஹிட்லரைப் பற்றி டி நீரோ சொல்லக் கேட்டவன் என்று வையுங்களேன்.

நோப்பின் படங்களில் சாட்சிகள் எல்லோரும் ஒரே கரிய பின்னணிக்கு முன்னால் இருப்பார்கள். பதுங்கு அறையில் குழந்தையாக இருந்த கிழவியும், ஹிட்லரின் உதவியாளராக இருந்தவரும் ஒரே வெளிச்சத்தில், ஆளுக்குச் சில நொடிகள். அழுகை வந்ததும் வெட்டு, இசை. இதை வரலாற்றுக் கேளிக்கை என்று ஜேர்மன் விமர்சகர்கள் திட்டினார்கள். எனக்கு உறுத்தியது வேறு. யார் எங்கே நின்று பார்த்தார் என்பதை அந்தக் கறுப்புத் திரை அழித்துவிடுகிறது.

இங்கிலாந்தில் ஏ.ஜே.பி. டெய்லர் 1957இலேயே குறிப்பு ஏதும் இல்லாமல், படம் ஏதும் காட்டாமல், அரை மணி நேரம் கமராவைப் பார்த்து வரலாறு பேசினார். அது பட்டிமன்றப் பேச்சாளரின் கெட்டித்தனம். ரசிக்கலாம். ஆனால் தடுமாறாமல் பேசுகிறவரிடம், இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கத் தோன்றுவதில்லை.

என்னை நிறுத்திவைத்த நிபுணர் ரவுல் ஹில்பெர்க். குளோட் லான்ஸ்மான் 1985இல் வெளியிட்ட 'ஷோவா' ஒன்பதரை மணி நேரப் படம். பழைய காட்சித் துண்டு ஒன்றுகூடக் கிடையாது. அதில் வரும் ஒரே வரலாற்றாசிரியர் ஹில்பெர்க். வியன்னாவில் பிறந்து, சிறுவனாகத் தப்பி அமெரிக்கா போனவர். அவர் கையில் ஒரு தாள். ட்ரெப்ளிங்காவுக்குப் போன சிறப்பு ரயில்களின் நேர அட்டவணை, இலக்கம் 587. விரலை வைத்து வரிவரியாக வாசிக்கிறார். 50 சரக்குப் பெட்டிகள். இத்தனை மணிக்குப் புறப்பாடு, இத்தனை மணிக்கு வருகை. திரும்பும் ரயிலுக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு: வெறுமை. மேசையில் இருந்த ஓர் அதிகாரி உண்மையிலேயே தொட்ட தாள் இது, மிஞ்சியிருப்பது இதுதான் என்ற பொருளில் சொல்கிறார். அந்தக் குரலில் சோகம் காட்டும் முயற்சியே இல்லை. ரயில் சந்தியில் வாழ்கிற எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. ரயில் பிரிகிற சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும்.

இதை ஏன் ஓர் இலக்கிய அரங்கில் சொல்கிறேன்? இப்போது நம்முடைய போருக்கும் திரை நிபுணர்கள் வந்துவிட்டார்கள். பின்னால் வன்னியின் வரைபடம், அதில் சிவப்பு அம்புகள், பக்கத்தில் புத்தக அலுமாரி. ஆனந்தபுரத்தில் இப்படிச் செய்திருக்கவேண்டும், கிளிநொச்சியை அப்படி விட்டிருக்கவேண்டும் என்று பதினைந்து ஆண்டு கழித்துத் தளபதிக்குப் பாடம் எடுக்கிறார்கள். ஒருவரும் தாள் காட்டுவதில்லை. இங்கே பிறந்த பிள்ளைகள் தங்கள் பெற்றோரின் போரை இவர்கள் வாயால்தான் கேட்கிறார்கள். வீட்டில் நாம் பேசுவதில்லையே.

நமக்கும் தாள் இருக்கிறது. 2009 தொடக்கத்தில் வன்னியில் எஞ்சியிருப்பவர்கள் 70,000 பேர் என்றது கொழும்பு. அங்கேயே நின்ற அரசாங்க அதிகாரிகள் 330,000 என்று கணக்குக் கொடுத்தார்கள். உணவும் மருந்தும் எந்த எண்ணிக்கைக்கு அனுப்பப்பட்டன என்பதுதான் அந்த மாதங்களின் கதை. மே மாதம் முடிந்தபோது முகாம்களுக்கு உயிரோடு வந்து சேர்ந்தவர்களே ஏறத்தாழ 290,000 பேர். இந்த மூன்று எண்களையும் ஒரு மேசையில் வைத்து, விரலை ஓட்டி, இசை இல்லாமல் வாசிக்க ஒரு ஹில்பெர்க் நமக்குக் கிடைத்தால் அம்புக்குறி எதற்கு?

போன மாதம் மகள் அப்படியொரு வீடியோவை இடையில் நிறுத்திவிட்டு, "அப்பா, இவர் அங்க இருந்தவரா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "அப்ப நீங்கள்?" என்றாள். நான் அதற்குப் பல வருடம் முன்பே இங்கு வந்துவிட்டவன். அக்கா கடைசிவரை அங்கே நின்றவர். அவருடைய மெனிக் பாம் முகாம் அட்டை எங்கள் வீட்டு லாச்சியில் கிடக்கிறது, ஓரம் கிழிந்து, எழுத்து மங்கி. எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வீடியோவைப் பிறகு ஓடவிடவில்லை.

நேரம் முடிகிறது. கேள்விகள் இருந்தால் எழுதுங்கள்.