பழங்காலப் படைக் கைத்துப்பாக்கிகளும் துணைப்பொருள்களும்: மெய்ம்மை காண்பதில் மொழிச் சான்றுகள்

1. முன்னுரை

பழைய படைக்கலங்களைத் திரட்டுவோர் கைத்துப்பாக்கி ஒன்றைப் பெறும்போது அதனோடு தோலுறை, மருந்துக் குடுவை, குண்டு வார்க்கும் அச்சு, கெட்டிக்கும் கோல் முதலியவற்றையும் சேர்த்துப் பெறவே விரும்புவர். தொகுதி முழுமையாக இருப்பின் மதிப்பு மிகும். ஆயினும் கைத்துப்பாக்கியினின்று எளிதில் பிரிந்து போவனவும், பிற்காலத்தில் எளிதில் கொண்டுவந்து சேர்க்கப்படுவனவும் இத்துணைப்பொருள்களே. துப்பாக்கி மெய்யானது என்பதனால் துணைப்பொருளும் மெய்யானது எனத் துணிதல் பொருந்தாது. ஒவ்வொன்றும் தனக்குரிய சான்றால் நிறுவப்பெறல் வேண்டும். மைசூர் அரசர் திப்பு சுல்தான் (1782–1799), ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆகிய இரு தரப்பாரின் கைத்துப்பாக்கிகளைக் கொண்டு, இவ்வாய்வில் எழுத்தும் எண்ணும் சொல்லும் ஆற்றும் பணியை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. எண்ணும் எழுத்தும்

திப்புவின் ஆணைப்படி செய்யப்பெற்ற கைத்துப்பாக்கிகளுள் சில இணையாக அமைந்தவை. ஒன்றன் சக்கிமுக்கிப் பொறி வலப்புறமும் மற்றதன் பொறி இடப்புறமும் இருக்கும். புலிவரிக் கோலம், அரபு எழுத்து முத்திரை, ஆண்டு ஆகியன அவற்றின் அடையாளங்கள். இவற்றுள் கோலத்தைப் பின்னாளில் ஒருவர் உறையிலோ குடுவையிலோ எளிதில் வரைந்துவிடலாம். ஆண்டைப் பிழையின்றிப் பொறித்தல் அத்துணை எளிதன்று.

திப்பு ஹிஜ்ரி ஆண்டை விடுத்து மௌலூதி என்னும் ஆண்டு முறையைக் கைக்கொண்டார். அம்முறையில் 1215ஆம் ஆண்டு கி.பி. 1787–88க்கு நேராகும். அவ்வாண்டு முதல் எண்கள் வலமிருந்து இடமாக எழுதப்பெற்றன. வழக்கப்படி இடமிருந்து படிப்பவர்க்கு அது 5121 எனத் தோன்றும். 1221 என்னும் ஆண்டோ இருபுறமும் ஒன்றாகவே படிக்கப்படும். அதனை மௌலூதியாகக் கொண்டால் கி.பி. 1793–94, ஹிஜ்ரியாகக் கொண்டால் 1806–07. திப்பு 1799 மே 4 அன்று சீரங்கப்பட்டணத்தில் மாண்டார். ஆகவே ஆண்டு முறையை அறியாதவர் மெய்யான பொருளையே போலி எனத் தள்ள நேரும்.

நம் பிரபவ முதலிய அறுபதாண்டுச் சுழற்சியைப் போன்று திப்புவின் ஆண்டுகளுக்கும் அறுபது பெயர்கள் உண்டு. பெயரின் எழுத்துகளுடைய எண்மதிப்பைக் கூட்டினால் ஆண்டின் வரிசையெண் கிடைக்கும். முதலில் அப்ஜத் வரிசையும் பின்னர் அப்தத் வரிசையும் பின்பற்றப்பட்டன. மூன்று என்னும் மதிப்பு முன்னதில் ஜீம் எழுத்துக்கும் பின்னதில் தே எழுத்துக்கும் உரியது. எவ்வரிசை என்பதை உணராது செய்யும் பெயர்ப்பு ஆண்டையே மாற்றிவிடும்.

3. கம்பெனி முத்திரை

கம்பெனியின் துப்பாக்கிப் பொறித் தகடுகளில் நான்கு கூறாகப் பகுத்த இதய வடிவமும் அதனுள் வி, இ, ஐ, சி என்னும் ஆங்கில எழுத்துகளும் காணப்படும். இங்கு ‘வி’ என்பது இலத்தீன் எழுத்துமுறைப்படி ‘யு’வைக் குறித்து, ‘ஒன்றிணைந்த’ என்னும் பொருளுடைய யுனைட்டெட் என்னும் சொல்லின் முதலெழுத்தாக நிற்கிறது. 1808ஐ ஒட்டி இம்முத்திரைக்கு மாற்றாக நிமிர்ந்து நிற்கும் சிங்கம் வழக்கிற்கு வந்தது. எனவே இதய முத்திரை கொண்ட துப்பாக்கியோடு சிங்கம் பொறித்த துணைப்பொருள் காணப்படின், இரண்டும் ஒரே காலத்தில் வழங்கப்பட்டனவா என்பது ஆய்வுக்குரியதாகும். வெடிப்பு மருந்தால் தீப்பற்றும் முறைக்கு ஃபோர்சைத் என்பார் உரிமம் பெற்றது 1807இல். ஆதலின் வெடிமூடிகள் வைக்கும் பெட்டி ஒன்று 1799ஆம் ஆண்டுப் போர்ப்பொருளாகக் காட்டப்படின் அக்கூற்றுத் தானே வீழும்.

4. சொற்கள்

பட்டியல்களை மொழிபெயர்ப்போர் கலைச்சொற்களிலும் கருத்தாய் இருத்தல் வேண்டும். துப்பாக்கி, சக்கிமுக்கி ஆகிய சொற்கள் துருக்கிய மூலத்தின என்பர். பொறியில் கல்லைப் பற்றி நிற்கும் உறுப்பைத் தமிழர் குதிரை என்றனர். இந்தியிலும் அது கோடா, அதாவது குதிரையே. ஆங்கிலமும் ஜெர்மனும் அதனைச் சேவல் என, பிரெஞ்சு நாய் என்கிறது. ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்துச் ‘சேவல் உடைந்த துப்பாக்கி’ என எழுதின், குதிரை பழுதுபட்டது என்னும் செய்தி வாசகரைச் சென்றடையாது. பழுது பார்க்கப்பட்ட உறுப்பு எது என்பதே பெரும்பாலும் மெய்ம்மை ஆய்வின் மையமாதலால் இப்பிழை சிறிதன்று.

5. முடிவுரை

1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம், பழுது பார்த்தாலும் சுடுவதற்கு இயலாத தொன்மைப் படைக்கலங்களுக்கு விலக்களிக்கிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறாண்டுக்குக் குறையாத கலைப்பொருள்களைத் தொல்பொருளாகக் கொண்டு, தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடை செய்கிறது. ஆகவே ஒரு பொருளின் காலமும் நிலையும் பற்றிய விவரிப்பு விலையோடு நில்லாது சட்டநிலையையும் தொடுகிறது. சீரங்கப்பட்டணத்திலிருந்து கொள்ளையாகச் சென்ற பொருள்களின் வரலாற்றை மீட்டெழுதுவதற்கும் அவ்விவரிப்பே அடிப்படையாகும். உலோகத்தையும் தோலையும் ஆராய்வோருடன் எழுத்தையும் சொல்லையும் ஆராய்வோரும் ஒருங்கே அமர்ந்து பட்டியல் வகுத்தலே தக்கதாம்.