அஞ்சனக்கோலும் இமைத்தோலும்

மனித உடலைப் போர்த்திருக்கும் தோலில் மிகவும் மெல்லியது இமையிலும் கண்ணின் கீழும் அமைந்த தோலே. அதன் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதன் அடியில் கொழுப்பு மிகச் சிறிது. எண்ணெய் சுரக்கும் சுரப்பிகளும் சிலவே. உறக்கம் கெட்டாலும், அழுதாலும், வெயிலில் அலைந்தாலும் முதலில் வாடித் தோன்றுவது அவ்விடமே. இத்துணை மென்மையான இடத்தை நம் நாட்டு மக்கள் எவ்வாறு பேணி வந்தனர் என்று ஆராயப் புகுந்தால், நாம் வந்து சேரும் பொருள் ஒன்று உண்டு. அதுவே மை.

மையின் வரலாறு நெடியது. சிந்துவெளி நாகரிகம் கி.மு. 2600 முதல் 1900 வரை செழித்திருந்தது. அந்நகரங்களை அகழ்ந்தவர்கள் சிறு சிறு சாந்துக் குப்பிகளையும், முனை மழுங்கிய செப்புக் கோல்களையும் கண்டெடுத்தனர். கண்ணுக்கு மை தீட்டும் கோல்கள் இவை என்பது அறிஞர் கருத்து. முனையை மழுக்கியதிலேயே அக்காலத்தாரின் கருத்து விளங்குகிறது: கூரிய பொருள் எதுவும் கண்ணருகே செல்லலாகாது.

பிற்காலத்து ஆயுர்வேத நூல்கள் இவ்வறிவை விதிகளாக வகுத்தன. கண்ணோய்கள் எழுபத்தாறு என எண்ணும் சுசுருத சங்கிதை, அஞ்சனக்கோலின் இலக்கணத்தையும் உரைக்கிறது. கோல் எட்டு விரற்கடை நீளம் இருத்தல் வேண்டும். இரு முனைகளும் மலர் மொட்டைப் போல் திரண்டிருத்தல் வேண்டும். அழுதவர், களைத்தவர், காய்ச்சலுற்றவர் ஆகியோருக்கு அஞ்சனம் இடுதலை அந்நூல் விலக்குகிறது. சௌவீராஞ்சனத்தை நாள்தோறும் இடலாம் என்று கூறும் சரக சங்கிதை, மரமஞ்சள் வகையிலிருந்து எடுக்கும் இரசாஞ்சனத்தை ஐந்து அல்லது எட்டு இரவுகளுக்கு ஒருமுறையே இடச் சொல்கிறது. கடுமையான அஞ்சனத்தைப் பகலில் இடலாகாது. நீர் வடிந்து தளர்ந்த கண் கதிரவன் ஒளியைத் தாங்காது என்பது அதற்குக் காட்டும் காரணம்.

இமையின் வெளித்தோலுக்கெனவே ஒரு முறையும் இருந்தது. அதன் பெயர் விடாலகம். மருந்தை அரைத்து, இமைமயிரில் படாமல், மூடிய கண்ணின் மேல் பற்றாக இடுவது அது. இவ்விதிகளை ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகிறது. எதைப் பூசுவது என்பதைக் காட்டிலும், யாருக்கு, எப்பொழுது, எவ்வளவு, எந்தக் கையால் என்பதிலேயே முன்னோர் மிகுந்த கவலை கொண்டனர். அடக்கமே அவர்களுடைய பேணுதலின் உயிர்நாடி.

அழகுக்காக மை தீட்டும் வழக்கமும் உடன் வளர்ந்தது. சங்கப் புலவர்கள் மையணிந்த கண்ணை ‘உண்கண்’ என்றே வழங்கினர். நாம் இன்று எம்மாநிலத்தில் குடியேறி வாழ்ந்தாலும் அண்டை வீட்டில் இவ்வழக்கத்தைக் காண்கிறோம். இந்தியில் காஜல், வங்கத்தில் காஜொல், தெலுங்கில் காடுக, கன்னடத்தில் காடிகெ, மலையாளத்தில் கண்மஷி எனப் பெயர் பல. வங்கத்து மணப்பெண் காஜல்லதா என்னும் மைச்சிமிழைக் கையில் ஏந்துகிறாள். பஞ்சாபிலோ மணமகனுக்கு அண்ணி சுர்மா இடுவது திருமணச் சடங்குகளுள் ஒன்று. உத்தரப்பிரதேசத்துப் பரேலி நகரம் சுர்மாவுக்கே பெயர்பெற்றது.

மை தீட்டும்போது கண்ணால் கோலைக் காண இயலாது என்பதைத் திருவள்ளுவர் காமத்துப்பாலில் ஓர் உவமையாக ஆண்டிருக்கிறார். காதலைக் கூற வந்த அவ்வுவமை மையின் வரலாற்றுக்கும் பொருந்துவதே. கோலின் முனையில் இருப்பது என்ன என்பதைப் பலகாலம் நாம் காணாமலே இருந்துவிட்டோம்.

அஞ்சனம் என்ற ஒரே பெயர் மூன்று வேறு பொருள்களைக் குறித்து வந்துள்ளது. விளக்குப் புகையைத் தட்டில் பிடித்து, நெய்யோ விளக்கெண்ணெயோ குழைத்துச் செய்வது ஒன்று, அது கரி. மூலிகைச் சாற்றைக் காய்ச்சி இறுக்கியது மற்றொன்று. மூன்றாவது, அஞ்சனக்கல்லைப் பொடித்துச் செய்யும் கனிமப் பொடி. சுர்மா என்பது ஆண்டிமனி என்னும் உலோகத்தின் கனிமம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆயினும் சந்தையில் விற்ற பல சுர்மாக்களைச் சோதித்தபோது, அவற்றில் இருந்தது காலீனா என்னும் ஈயக் கனிமமே எனத் தெரிய வந்தது. இரண்டும் கறுத்து மின்னுபவை; கண்ணால் நோக்கி வேறுபடுத்துவது அரிது.

ஈயம் நச்சுப் பொருள். குழந்தை கண்ணைக் கசக்கி அவ்விரலை வாயில் வைக்கிறது. கண்ணீரோடு கலந்ததும் மூக்கின் வழியே உள்ளிறங்குகிறது. வளரும் மூளைக்கு ஈயம் இழைக்கும் தீங்கு மீளாதது. இவ்வளவு உட்சென்றால் கேடில்லை என்று கூறத்தக்க எல்லை எதுவும் அறியப்படவில்லை. பிரிட்டனில் குடியேறிய ஆசியக் குடும்பங்களின் குழந்தைகளுக்குச் சுர்மாவால் ஈய நஞ்சு ஏறியதை 1968இல் மருத்துவர்கள் வெளியிட்டனர். நம் நாட்டில் 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம் 1962ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஒப்பனைப் பொருள்களையும் தன் ஆட்சிக்குள் கொணர்ந்தது. நிறமூட்டுவதற்கு ஈயச் சேர்மங்களைக் கலப்பதை அதன் விதிகள் தடுக்கின்றன.

பண்டையோர் அறியாமலா பூசினர் என்று வினவுவோர் உண்டு. வினா நியாயமானதே. எகிப்தியரின் கண்மையில் இருந்த ஈய உப்புகளை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர்கள், அவை மிகச் சிறு அளவில் தோல் அணுக்களைத் தூண்டி, நோயை எதிர்க்கும் ஆற்றலுக்குத் துணைபுரிந்திருக்கலாம் என 2010இல் கூறினர். முன்னோரின் அனுபவம் வெறும் மூடநம்பிக்கை அன்று என்பதற்கு இது சான்று. ஆயினும், நாள்தோறும் குழந்தையின் கண்ணில் ஈயம் இடுவதற்கு இது உரிமைச்சீட்டு ஆகாது.

பச்சிளங் குழந்தையின் கண்ணில் எம்மையும் வேண்டா என்பதே இன்றைய மருத்துவர் கூற்று. வீட்டில் செய்த கரிமையாலும் தொற்று வரக்கூடும். திருஷ்டி கழிக்க விரும்பும் பாட்டிமார், ஈயம் கலவாத மையால் உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்து மனநிறைவு கொள்ளலாம். பெரியோர் மை வாங்குங்கால் அதில் கலந்த பொருள் யாதெனக் கேட்டறிதல் நன்று. ஒருவர் கோலை மற்றவர் எடுத்தாளலாகாது. இரவில் உறங்குமுன் சிறிது எண்ணெய் தோய்த்த மெல்லிய துணியால், அழுத்தித் தேய்க்காமல், மையை ஒற்றி எடுத்தால் கண்ணடித் தோல் கறுப்பதும் சுருங்குவதும் குறையும். மொட்டுப்போல் முனை திரட்டிய கோலைக் கையில் தந்த முன்னோர் விரும்பியதும் இம்மென்மையையே.