போத்தனூர்: கோவைக்கு மூத்த நிலையம்

கோயம்புத்தூருக்கு ரயில் வருவதற்கு முன்பே போத்தனூருக்கு வந்துவிட்டது. கோவைச் சந்திப்பிலிருந்து தெற்கே சுமார் ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இந்தப் புறநகர் நிலையம், வயதில் அதைவிடப் பதினோரு ஆண்டு மூத்தது.

மதராஸ் ரயில்வே கம்பெனி 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தன் முதல் வண்டியை ஓட்டியது. அங்கிருந்து மேற்குக் கடற்கரைக்கு, கோழிக்கோட்டை அடுத்த பேப்பூர் துறைமுகத்துக்குப் போவதுதான் திட்டம். இடையில் மேற்குத் தொடர்ச்சி மலை. ரயில் நுழையத் தோதாக இருந்தது பாலக்காட்டுக் கணவாய். ஈரோடு, திருப்பூர் வழியாக வந்த பாதை இருகூரைத் தாண்டியதும் நேரே கணவாயைப் பார்த்துத் திரும்பியது. அந்த வழியில் கோவை இல்லை, போத்தனூர் இருந்தது. 1862 ஏப்ரலில் பட்டாம்பி வரையிலும், மே மாதம் சங்ககிரி வரையிலும் பாதை திறக்கப்பட்டபோது இரண்டு பக்கத்துத் தண்டவாளங்களும் போத்தனூரில் வந்து சேர்ந்தன.

கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. கோவை நகராட்சி ஆனதே 1866-ல்தான். முதல் நூற்பாலை 1888-ல் வந்தது. கோவைக்கு ரயிலைக் கொண்டுவந்தது பஞ்சு அல்ல, நீலகிரியின் குளிர். ஊட்டிக்குப் போகிறவர்களை மலையடிவாரம் வரை சேர்ப்பதற்காக 1873-ல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஒரு கிளைப்பாதை போட்டார்கள். வழியில் வந்த ஊர்களில் ஒன்று கோவை.

அதன்பின் பல காலம் போத்தனூரே ரயில்காரர்களின் ஊர். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்த ரயில்வே காலனி, கைகாட்டி முதலான சிக்னல் சாதனங்களுக்கான பணிமனை என்று நிலையத்தைச் சுற்றி ஒரு தனி ஊரே வளர்ந்தது. 1915-ல் பொள்ளாச்சிக்கு மீட்டர் கேஜ் பாதை திறந்ததும், அகலப் பாதையும் மீட்டர் கேஜ் பாதையும் சந்திக்கும் இடமாயிற்று. பொள்ளாச்சி, பழனி வழியாக ராமேஸ்வரம் போகும் வண்டி இந்தப் பாதையில்தான் ஓடியது.

நிலையத்துக்கு ஒரு கறுப்பு நினைவும் உண்டு. 1921 நவம்பரில், மலபார்க் கிளர்ச்சியில் பிடிபட்ட சுமார் நூறு கைதிகளைத் திரூரில் காற்றுப் புகாத சரக்குப் பெட்டி ஒன்றில் அடைத்து பெல்லாரிச் சிறைக்கு அனுப்பினார்கள். போத்தனூரில் கதவைத் திறந்தபோது உள்ளே பிணங்கள் கிடந்தன. மொத்தம் அறுபதுக்கும் மேற்பட்டோர் மூச்சுமுட்டி இறந்தனர். வரலாற்றில் இதன் பெயர் வேகன் துயரம்.

ரயில்வே கோட்டத்தின் தலைமையிடமாகவும் போத்தனூர் இருந்தது. 1956-ல் அது பாலக்காட்டை அடுத்த ஒலவக்கோட்டுக்குப் போனது. இருகூரிலிருந்து பீளமேடு வழியாகக் கோவைக்கு நேர்ப்பாதை வந்தபின் பெரும்பாலான வண்டிகள் நகரத்துக்குள்ளேயே வந்து போயின. மூத்த நிலையம் மெல்லப் புறநகர் நிலையமானது. 2007-ல் சேலம் கோட்டம் உருவாகி கோவைச் சந்திப்பு அதில் சேர்ந்தது. பொள்ளாச்சியும் கிணத்துக்கடவும் பாலக்காட்டுக் கோட்டத்திலேயே தங்கிவிட்டன.

பொள்ளாச்சிப் பாதை அகலப்படுத்தப்பட்டு 2017-ல் மீண்டும் திறந்தது. பாலக்காடு, ஷொரணூர்ப் பக்கத்துப் பயணிகள் வண்டிகளும் இங்கே நிற்கின்றன. காலையில் வேலைக்கும் கல்லூரிக்கும் போகிறவர்கள் அவற்றில் ஏறுகிறார்கள். கேரளம் செல்லும் சில தொலைதூர வண்டிகள் இன்றும் 1862-ன் பழைய தடத்திலேயே இருகூரிலிருந்து நேரே போய்விடுகின்றன. அவற்றைப் பிடிக்கக் கோவைக்காரர்கள் போத்தனூருக்குத்தான் வர வேண்டும்.