அலாரம் அடிச்சா ட்ரான்ஸ்மிட்டரைத் திட்டாதீங்க

மீடியம் வேவ் நிலையத்துல கன்ட்ரோலர்ல சிவப்பு விளக்கு எரிஞ்சா, கை தானா ரீசெட் பட்டனுக்குத்தான் போகும். நிகழ்ச்சி நின்னு போச்சே! ஆனா அந்த விளக்குக்குப் பின்னாடி ஒரு பழைய கதை இருக்கு. அது தெரிஞ்சா கை கொஞ்சம் தயங்கும். அதுக்குத்தான் இந்தப் பதிவு.

1934, மே 2. அமெரிக்காவுல ஒஹையோ மாநிலம், மேசன். அதிபர் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையிலிருந்து ஒரு சாவியைத் தட்ட, டபிள்யூஎல்டபிள்யூ நிலையம் 500 கிலோவாட்டுல பேச ஆரம்பிச்சுது. மத்த பெரிய நிலையங்களுக்கு உச்சவரம்பே 50 கிலோவாட்தான். கோபுரம் 831 அடி. அக்கம்பக்கத்து வீட்டுத் தகரமெல்லாம் பாடுச்சுன்னு ஊர்ல சொல்லுவாங்களாம் :)

அவ்வளவு பெரிய வால்வுகளைத் தண்ணி விட்டுத்தான் குளிர வைக்கணும். உள்ளே சுத்துறது காய்ச்சி வடிச்ச தண்ணி. அந்தச் சூட்டை வாங்கிக்க வாசல்ல ஒரு குளமே வெட்டியிருந்தாங்க. இப்ப யோசிச்சுப் பாருங்க, தண்ணி ஓட்டம் நின்னா வால்வு காலி. அதனாலதான் இந்த மாதிரி ட்ரான்ஸ்மிட்டர்கள்ல எல்லாமே வரிசையா வரும். முதல்ல தண்ணி, அப்புறம் இழை சூடாகணும், கதவு மூடியிருக்கணும், கடைசியாத்தான் உயர் அழுத்தம். ஒண்ணு விட்டாலும் அடுத்தது வராது. இதுக்குப் பேர் இன்டர்லாக். இன்னைக்கு கன்ட்ரோலர் செய்யிற வேலையோட தாத்தா இதுதான்.

(மத்த நிலையங்களுக்குத் தொந்தரவுன்னு எதிர்ப்பு வந்து, 1939ல அந்த நிலையம் பழையபடி 50க்கே திரும்புச்சு. அது தனிக்கதை.)

அடுத்த எதிரி மின்னல். கோபுரத்து அடியில இருக்கிற இடைவெளியில மின்னல் ஒரு பொறியைக் கொளுத்திட்டுப் போயிடும். மின்னல் போனாலும் பொறி அணையாது. நம்ம ட்ரான்ஸ்மிட்டரே அதுக்குத் தீனி போடும்! அதனால அனுப்பின சக்தி திரும்பி வருதான்னு பார்த்து, வந்தா ஒரு கணம் நிறுத்தி, பொறி அணைஞ்சதும் மறுபடி கொடுக்கிற ஏற்பாடு வந்துச்சு. சில தடவை முயற்சி பண்ணியும் சரியாகலேன்னா மொத்தமா பூட்டிக்கும்.

1980கள்ல இன்னொரு திருப்பம். ஹாரிஸ் கம்பெனியில ஹில்மர் ஸ்வான்சன்ங்கிறவர், பெரிய வால்வுக்குப் பதிலா நிறைய சின்ன ஆம்ப்ளிஃபயர்களை, ஒலி ஏறி இறங்குறதுக்குத் தக்கபடி டிஜிட்டலா போட்டு நிறுத்துற முறையைக் கண்டுபிடிச்சார். 1986ல பேட்டன்ட். ஒரு மாட்யூல் செத்தாலும் நிலையம் சாகாது. லாபம்தான். ஆனா அதனாலயே ஒரு சோம்பேறித்தனமும் வந்துடுது. "ஓடிக்கிட்டுத்தானே இருக்கு"ன்னு அலாரத்தை அப்படியே விட்டுடுவோம்.

சரி, அலாரம் வந்தா என்ன பண்றது? முதல்ல எது முதல்ல விழுந்துச்சுன்னு பாருங்க. பத்து விளக்கு எரியலாம், காரணம் ஒண்ணாத்தான் இருக்கும். அடுத்து டம்மி லோடுக்கு மாத்திப் பாருங்க. அங்க ஒழுங்கா ஓடுச்சுன்னா ட்ரான்ஸ்மிட்டர் பெரும்பாலும் நிரபராதி. கோபுரம், ட்யூனிங் குடிசை, கேபிள்னு வெளியில தேடணும். அங்கயும் அதே அலாரம்னா உள்ள தேடுங்க.

ஒண்ணே ஒண்ணு மட்டும் வேண்டாம். "ஒரு நிமிஷம்தானே"ன்னு இன்டர்லாக்கை ஒயர் போட்டு ஏமாத்தாதீங்க. மெயினை அணைச்சாலும் கெபாசிட்டர்ல உயிரெடுக்கிற அளவு மின்சாரம் நிக்கும். எர்த்திங் கம்பியைத் தொட வச்சுட்டுத்தான் கையை வைக்கணும்.

நிகழ்ச்சி அஞ்சு நிமிஷம் நின்னா நேயர்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கலாம். வீட்டுல காத்துக்கிட்டு இருக்கிறவங்ககிட்ட கேட்க முடியாது. அந்தச் சிவப்பு விளக்கு அவங்களுக்காக எரியுதுன்னு நெனச்சுக்குங்க.