கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: சிகிச்சையின் நன்மையும் ஆபத்தும்

மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும் பாட்டியின் கையில் தாதி ஒரு பாரத்தைக் கொடுக்கிறார். "நாளைக்குக் காலையில ஆப்பரேஷன். இங்க கையெழுத்து." பாரம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கிறது. பாட்டி மகனைப் பார்க்கிறார். மகன் மருமகளைப் பார்க்கிறார். "டாக்டருக்குத் தெரியாதா? போட்டுடுங்கம்மா" என்கிறார் ஒருவர். பாட்டி போட்டுவிடுகிறார்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இப்படிக் கையெழுத்துப் போடாத குடும்பம் நம்மில் குறைவு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸர் கொடுத்ததை மறு பேச்சில்லாமல் விழுங்கிய தலைமுறை நம்முடையது. அந்தப் பணிவு இன்னும் நம்மிடம் ஒட்டியிருக்கிறது. ஆனால் அந்தப் பாரத்தில் இருப்பது மருத்துவர் உங்களிடம் கேட்கும் அனுமதி. அனுமதி கேட்பவர், எதற்கு அனுமதி என்பதையும் அதில் என்ன ஆபத்து என்பதையும் சொல்லியாக வேண்டும். இது மருத்துவர் விரும்பினால் செய்யும் உபகாரமல்ல. இந்த நாட்டுச் சட்டம் சொல்வது.

பெட்டாலிங் ஜெயாவில் தொடங்கிய வழக்கு

1982 ஜூலையில் கார் விபத்தில் சிக்கிய ஒரு பெண் பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கழுத்தெலும்புகள் விலகியிருந்தன. அதே மாதம் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பின் கை கால்கள் செயலிழந்தன. எலும்பைக் கட்டிய கம்பி வளையம் தண்டுவடத்தை அழுத்தியது தெரியவந்து, ஆகஸ்டு மாதம் இரண்டாவது அறுவை சிகிச்சை செய்தார்கள். ஆனாலும் அவரால் பழையபடி நடக்க முடியவில்லை. உடல் செயலிழக்கும் ஆபத்து இருப்பதை முன்கூட்டித் தமக்குச் சொல்லவில்லை என்பது அவருடைய முறையீடுகளில் ஒன்று.

உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. இறுதியில் 2006 டிசம்பர் 29-ஆம் நாள், விபத்து நடந்து 24 ஆண்டுகளுக்குப் பிறகு, கூட்டரசு நீதிமன்றம் அவருக்கே நியாயம் வழங்கியது. 'ஃபூ ஃபியோ நா வழக்கு' என்று சட்டத்துறையில் குறிப்பிடப்படுவது இதுதான்.

அதற்கு முன் நம் நீதிமன்றங்கள் 1957-இல் இங்கிலாந்தில் வந்த 'போலம்' தீர்ப்பையே பெரிதும் பின்பற்றி வந்தன. அதன்படி, பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு சாரார் "நாங்களும் இப்படித்தான் செய்திருப்போம்" என்று சொன்னால் போதும், மருத்துவர் மீது குற்றமில்லை. எவ்வளவு ஆபத்தை நோயாளிக்குச் சொல்வது என்பதையும் மருத்துவர்களே முடிவு செய்தார்கள். கூட்டரசு நீதிமன்றம் இதை மாற்றியது. சிகிச்சையில் உள்ள ஆபத்தை எடுத்துச் சொல்லும் கடமைக்குப் போலம் அளவுகோல் பொருந்தாது என்றது. ஒரு நோயாளி முடிவெடுக்கும்போது எந்த ஆபத்தை முக்கியமாகக் கருதுவாரோ, அந்த ஆபத்தை மருத்துவர் சொல்ல வேண்டும். 2017-இல் இதே நீதிமன்றம் இதை மேலும் தெளிவாக்கியது. நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சை செய்வதிலும் பழைய அளவுகோலே நீடிக்கும். ஆபத்தைச் சொல்வதில் புதிய அளவுகோல்.

பதினான்காயிரத்தில் ஒன்று

நம் நீதிமன்றம் பின்பற்றிய முன்மாதிரி 1992-இல் ஆஸ்திரேலியாவில் வந்த 'ரோஜர்ஸ் - விட்டேக்கர்' தீர்ப்பு. அந்தப் பெண்ணுக்குச் சிறு வயது முதலே வலக்கண்ணில் பார்வை ஏறக்குறைய இல்லை. அந்தக் கண்ணைச் சரிசெய்ய அறுவை சிகிச்சை செய்துகொண்டார். நல்ல கண்ணுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று பலமுறை கேட்டும் இருந்தார். அப்படி ஆவதற்கு வாய்ப்பு சுமார் 14,000 பேரில் ஒருவருக்குத்தான். அதை மருத்துவர் சொல்லவில்லை. அந்த ஒருவர் அவராகவே ஆகிவிட்டார். இடக்கண்ணின் பார்வையும் போய்விட்டது.

ஆபத்தை எடைபோடுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. எத்தனை பேருக்கு நடக்கும் என்ற எண்ணிக்கை ஒரு பக்கம். நடந்தால் எனக்கு என்ன ஆகும் என்பது மறுபக்கம். இரண்டு கண்ணும் நன்றாக இருப்பவருக்கு 14,000-இல் ஒன்று அற்பம். ஒரே கண்ணை நம்பி வாழ்பவருக்கு அதுவே மலை. பிரிக்ஃபீல்ட்ஸில் தையல் கடை வைத்திருப்பவருக்கு விரல் மரத்துப்போவது பிழைப்பே போவதற்குச் சமம். நாள் முழுதும் நின்று பூ கட்டி விற்பவருக்குக் காலும், லோரி ஓட்டுபவருக்குக் கண்ணும் அப்படித்தான். ஆகவே உங்கள் தொழிலையும் வீட்டு நிலையையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சொன்னால்தான் உங்களுக்கு எது முக்கியம் என்பது அவருக்குத் தெரியும்.

'பாதியாகக் குறையும்' என்றால்

"இந்த மாத்திரை மாரடைப்பு வாய்ப்பைப் பாதியாகக் குறைக்கும்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். எதிலிருந்து பாதி என்று கேளுங்கள். ஒரு கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். 100 பேரில் 40 பேருக்கு வரவிருந்தது 20 ஆகக் குறைந்தால், 20 பேர் தப்பிக்கிறார்கள். 100 பேரில் 4 பேருக்கு வரவிருந்தது 2 ஆகக் குறைந்தாலும் அதுவும் 'பாதி'தான். ஆனால் தப்பிப்பவர்கள் 2 பேர். பக்க விளைவு இரண்டிலும் ஒன்றுதான் என்றால், முதல் நோயாளிக்கு அந்த மாத்திரை பெரிய லாபம். இரண்டாமவர் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆபத்துக்கும் இதே கணக்குதான். "இரண்டு மடங்கு ஆபத்து" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தி, 10,000-இல் ஒன்று இரண்டானதாகவும் இருக்கலாம். "என்னைப் போன்ற 100 பேர் இதைச் செய்துகொண்டால் எத்தனை பேருக்கு நல்லது, எத்தனை பேருக்குக் கெட்டது?" என்ற ஒரே கேள்வி பல குழப்பங்களைத் தீர்க்கும்.

பயமும் ஓர் ஆபத்து

2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியர்களில் வயது வந்தோரில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் நோய் இருந்தது. எல்லா இனங்களிலும் இதுவே அதிகம். ஆகவே நம் வீடுகளில் எடைபோட வேண்டியிருக்கும் சிகிச்சைகள் பெரும்பாலும் இந்த நோயைச் சுற்றியே வருகின்றன.

"இனிப்புநீர் மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டுத்தான் கிட்னி போச்சு" என்ற பேச்சு கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் கேட்கிறது. உண்மையில், பெரும்பாலும் சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான். சிறுநீரகம் பழுதான பின் சில மாத்திரைகளின் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டிவரும். அதைப் பார்த்துவிட்டு மாத்திரையே காரணம் என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் மூட்டுவலிக்குக் கடையில் வாங்கி நாள்தோறும் போடும் சில வகை வலிமாத்திரைகள், பலவீனமான சிறுநீரகத்தை மெய்யாகவே கெடுக்கக்கூடியவை. பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல், பயப்படத் தேவையில்லாததற்குப் பயப்படுகிறோம்.

காலில் அழுகல் வந்தவருக்கு விரலை எடுக்க வேண்டும் என்றால் குடும்பமே அழுகிறது. எண்ணெய் போட்டுப் பார்ப்போம், கட்டு கட்டிப் பார்ப்போம் என்று நாள் போகிறது. இங்கே ஒப்பிட வேண்டியது விரல் இருப்பதையும் இல்லாததையும் அல்ல. இன்று விரல் போவதையும், கிருமி மேலேறி நாளை முழங்காலோ உயிரோ போவதையும்தான். 'ஒன்றும் செய்யாமல் இருப்பதும்' ஒரு முடிவு. அதற்கும் ஆபத்து உண்டு. அதையும் தராசில் வைக்க வேண்டும்.

டயாலிசிஸிலும் தேர்வு உண்டு. மையத்துக்குப் போனால் வழக்கமாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம். இடையில் போக்குவரத்தும் களைப்பும். வீட்டில் வயிற்றின் வழியே செய்வதென்றால் பெரும்பாலும் நாளுக்கு நான்கு முறை நீர் மாற்ற வேண்டும். வேலைக்குப் போகலாம், பயணம் செய்யலாம். ஆனால் கையும் அறையும் சுத்தமாக இல்லையென்றால் வயிற்றில் கிருமித் தொற்று வரும். தோட்டப்புறத்தில் மையத்துக்குப் போக வண்டி இல்லாதவருக்கு இரண்டாவது பொருந்தலாம். கண் மங்கித் தனியாக வாழும் முதியவருக்கு முதலாவதே பாதுகாப்பு. சொக்சோ சந்தா கட்டியவர்கள் டயாலிசிஸ் செலவுக்கு அங்கே உதவி உண்டா என்று கேட்கத் தவறக்கூடாது.

நாட்டு மருந்துக்கும் அதே தராசு

வேர், லேகியம், ஜமு எதுவானாலும், உடம்பில் வேலை செய்யும் பொருளுக்குப் பக்க விளைவும் இருக்கும். சுகாதார அமைச்சில் பதிவான மருந்தின் உறையில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்கும். பாரம்பரிய மருந்தானால் எண்ணின் முடிவில் 'டி' என்ற எழுத்து வரும். பெட்டாலிங் ஜெயாவில் இயங்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையத்தளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம்.

இரண்டே நாளில் மூட்டுவலி பறந்துவிட்டது என்றால் சந்தேகப்படுங்கள். சில பாரம்பரிய மருந்துகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கள்ளத்தனமாகக் கலக்கப்பட்டிருப்பதை அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். அது சர்க்கரையை ஏற்றும், எலும்பை அரிக்கும். நெடுநாள் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மருந்தை உறையோடு கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், எப்படி நிறுத்துவது என்று கேளுங்கள். திட்டுவாரோ என்று மறைக்காதீர்கள்.

கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. எனக்கு வந்திருப்பது என்ன நோய்? அது உறுதியா, சந்தேகமா?
2. இந்தச் சிகிச்சையால் என்ன நன்மை? நோய் தீருமா, வலி குறையுமா, ஆயுள் நீளுமா?
3. அடிக்கடி வரும் சிறு தொல்லைகள் எவை? அரிதாக வரும் பெரிய ஆபத்து எது?
4. வேறு வழி உண்டா? அதன் நன்மை தீமை என்ன?
5. ஒன்றும் செய்யாவிட்டாலோ, சிறிது காலம் பொறுத்தாலோ என்ன ஆகும்?
6. முடிவு சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் உண்டு? செலவு எவ்வளவு, பிறகு எத்தனை நாள் ஓய்வு?

இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். பதற்றத்தில் உங்கள் காதில் விழாதது அவர் காதில் விழும். மொழி புரியவில்லை என்றால் தமிழ் தெரிந்த தாதியையோ மருத்துவரையோ கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். அவ்வளவு பெரிய சுமை பிள்ளைக்கு வேண்டாம்.

சுயநினைவோடு இருக்கும் வயது வந்த நோயாளியின் முடிவு அவருடையதே. பிள்ளைகள் ஆலோசனை சொல்லலாம். அம்மாவுக்குத் தெரியாமல் அவருக்காக முடிவெடுப்பது சரியல்ல. கையெழுத்துப் போட்ட பிறகும் மனம் மாறினால் சொல்லலாம். இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கலாம். நினைவு தப்பி உயிருக்குப் போராடும் அவசர வேளையில் மட்டும், மருத்துவர் ஒப்புதலுக்குக் காத்திராமல் உயிரைக் காப்பாற்றச் செயல்படுவார்.

குறை இருந்தால் முதலில் மருத்துவமனையிலேயே எழுத்து மூலம் முறையிடுங்கள். மருத்துவரின் நடத்தை பற்றியது என்றால் மலேசிய மருத்துவ மன்றத்துக்கு எழுதலாம். வழக்கு என்று வந்தால் காலக்கெடு முக்கியம். அரசாங்க மருத்துவமனை மீதான வழக்கைப் பொதுவாக 36 மாதங்களுக்குள் தொடுக்க வேண்டும். காரியம் முடிந்து, வருடம் திரும்பட்டும் என்று காத்திருந்து நாளைத் தவறவிட்டவர்கள் உண்டு. தாமதிக்காமல் வழக்குரைஞரைப் பாருங்கள்.

இவ்வளவும் மருத்துவரைச் சந்தேகப்படச் சொல்வதல்ல. கேள்வி கேட்கும் நோயாளிக்குச் சிகிச்சை புரிகிறது. புரிந்தவர் மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுகிறார், ஏதேனும் தவறினால் சீக்கிரம் திரும்பி வருகிறார். அடுத்த முறை பாட்டியின் கையில் பாரம் வரும்போது, பேனாவை எடுத்துக் கொடுக்கும் முன், "ஆயா, இது என்னன்னு உங்களுக்குச் சொன்னாங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், சொல்லும்வரை பேனா உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.